மேட்டு முனையும் பள்ள முனையும்

மில்லர்புரம், தூத்துக்குடி
8 ஜூன் 2025

அன்பான செல்விக்கு,

சுதா எழுதுகிறேன். போனில் பேசினால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன். கடைசியில் யார் முதலில் போனை வைத்தது என்று அதற்கொரு சண்டை. அதனால்தான் காகிதம். பதிலையும் நீ காகிதத்திலேயே எழுது. குறுக்கே பேச முடியாதில்லையா?

முதல் காரியம், உன் வீட்டுக்காரர் முத்துச்செல்வம் அண்ணனிடம் சொல்லிவிடு. ஐப்பசி முடிகிற வரை வீட்டை விற்கிற பேச்சை எடுக்கவே கூடாது. போன மழையில் உன் கட்டில் வரைக்கும் தண்ணீர் ஏறியதை நானும்தான் பார்த்தேன். அந்தச் சாக்கடைத் தண்ணீரில் இடுப்பளவு நின்று உன்னோடு பீரோவைத் தூக்கியவள் நான். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, ஒரே தெருவில் மனை வாங்கினோம். என் மனை மேட்டிலும் உன் மனை பள்ளத்திலும் விழும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரிந்தது? நீ கல்லிடைக்குறிச்சியில் உன் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு கிடக்கிறாய் என்று நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தெருவுக்கு ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் அமைத்து, எல்லா வீட்டாரும் சேர்ந்து தீர்மானம் கொடுத்தால், சங்கத்தோடு கலந்து மழைநீர் வடிகால் திட்டம் போடுவதாக மாநகராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். உடனே ஆரம்பித்துவிட்டோம். எங்கள் சர்ச் சபைச் செயலாளர் சுந்தரராஜ் சார்தான் தலைவர். நான் செயலாளர். முதல் கூட்டம் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில். சார் ஜெபம் பண்ணி ஆரம்பித்து, ஆசீர்வாதம் சொல்லி முடித்தார். டீ, மிக்சர் எல்லாம் உண்டு.

ஆனால் பள்ள முனையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை! முங்குவது அவர்கள் வீடு. இரண்டு ஞாயிறு ஆராதனை முடிவில் குருவானவரே அறிவித்தும் வரவில்லை என்றால் நான் என்ன செய்ய? உன் ஆட்கள்தானே, நீயே கேள்.

எரிச்சலோடும் அன்போடும்,
சுதா

கல்லிடைக்குறிச்சி
17 ஜூன் 2025

ஏளா சுதா,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. மறுபடியும் படித்தேன், மறுபடியும் சிரிப்பு வந்தது. என் மதினி, “என்ன, கோட்டி புடிச்சிருக்கா?” என்று கேட்டே விட்டாள்.

கோட்டிக்காரி! சர்ச்சில் அறிவித்தால் எங்கள் ஆட்களுக்கு எப்படியளா தெரியும்? நாங்கள் என்றைக்கு உங்கள் ஆராதனைக்கு வந்தோம்? கிறிஸ்துமஸ் கேக் தின்ன வந்ததோடு சரி. தெரு என்றால் உங்கள் சபைதான் என்று நீயும் சுந்தரராஜ் சாரும் நினைத்துக்கொண்டீர்கள். இது உங்களால் மட்டுமே செய்ய முடிந்த காரியம்.

கோயில் கொடை விழாக் கமிட்டி சுடலைக்கண்ணு அண்ணாச்சியை போனில் பிடித்தேன். “எங்ககிட்ட ஒரு வார்த்த யாரு தாயி சொன்னா? ஜெபச் சத்தம் கேட்டுது, ஏதோ வீட்டு ஜெபக்கூட்டம்னுல்லா நெனச்சோம்” என்கிறார். அதற்குள் அவர் சும்மா இருப்பாரா? கோயில் முன்னால் தேங்காய் உடைத்து, பள்ள முனைக்குத் தனிச் சங்கம் ஆரம்பித்து, மாநகராட்சியில் மனுவும் கொடுத்தாயிற்று. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். ஒரு தெருவே ரெண்டுபட்டால் மழைக்குக் கொண்டாட்டம்.

இங்கே மதினி, நான் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவுகிறாள். எனக்கு என் வீடு வேண்டும் சுதா. ஐப்பசி வரை இவரைப் பிடித்து வைக்கிறேன். நீ வீடு வீடாகப் போ.

செல்வி

மில்லர்புரம்
20 ஜூலை 2025

அன்பான செல்விக்கு,

நீ சிரித்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் வீடு வீடாகப் போனேன். பள்ள முனையில் வாசல்தோறும் நின்று, “நாங்க சொல்லாம விட்டுட்டோம், தப்புதான்” என்று சொன்னேன். இசக்கித்தாய் மட்டும்தான் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். மற்றவர்கள் வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள்.

மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் ஒரு சின்னப் பெண். இரண்டு மனுவையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். “மேடம், தண்ணிக்கு நீங்க ரெண்டு சங்கம்னு தெரியாதுல்லா? ஒண்ணா வாங்க, நானே வாரேன்” என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ரேஷன் கடை முன்னால் கூட்டுக் கூட்டம் போட்டோம். ஜெபம் இல்லாமல் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார் சுந்தரராஜ் சார். அப்படியென்றால் தேங்காயும் உடைக்கத்தான் வேண்டும் என்றார் சுடலைக்கண்ணு. வடிகாலைப் பற்றி ஒரு பேச்சில்லை. “சவத்தப் போட்டு மூடுங்கய்யா!” என்று கத்தலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் அந்தப் பெண்தான், “ஒரு நிமிசம் எல்லாரும் கண்ண மூடி அவங்கவங்க சாமிய கும்பிட்டுக்கோங்க” என்றாள். எல்லாரும் கண்ணைத் திறந்து வெகுநேரமான பிறகும் சார் மட்டும் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

எப்படியோ, இப்போது ஒரே சங்கம். சார் தலைவர், சுடலைக்கண்ணு துணைத் தலைவர், நான் செயலாளர். அடுத்தது வடிகால் தீர்மானம்தான். பெட்டியைக் கட்டத் தயாராக இரு.

உன்,
சுதா

கல்லிடைக்குறிச்சி
2 ஆகஸ்ட் 2025

சுதா,

நன்றாயிருப்பாய். உன் கடிதத்தை இவரிடமும் வாசித்துக் காட்டினேன். “பரவால்லையே” என்றார். இவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது பெரிய காரியம்.

தருவைகுளத்து மீன் வியாபாரி ஒருவர் வீட்டைக் கேட்டு வந்துவிட்டுப் போயிருக்கிறார். ஐஸ் பெட்டி அடுக்க இடம் வேண்டுமாம், வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அவருக்கென்ன? இவர் அட்வான்ஸ் வாங்கத் துடிக்கிறார். “சுதா செயலாளரா இருக்கும்போது எனக்கென்ன பயம்?” என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. வடிகால் மேட்டு முனையிலிருந்தே வர வேண்டும். தீர்மானத்தில் அதைத் தெளிவாக எழுத வை. பள்ளத்தில் மட்டும் தோண்டினால் உங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் ரோட்டோடு ஓடி வந்து என் வாசலில்தான் ஏறும். மேட்டு முனையில் எல்லா வீட்டு வாசலிலும் கார் ஏற சிமெண்டில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். அத்தனையும் வடிகால் வருகிற இடத்தில் இருக்கிறது, இடிக்கத்தான் வேண்டும். உங்கள் வீட்டுச் சாய்தளமும் சேர்த்துத்தான். உன் வீட்டுக்காரர் பெனிஸ்டன் அண்ணனிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லி வை.

மதினி நேற்று என்னிடம் சிரித்துப் பேசினாள். நான் போகப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது போல.

செல்வி

மில்லர்புரம்
14 செப்டம்பர் 2025

என் செல்விக்கு,

இதை நான் எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ முழுக்கப் படி.

தீர்மானக் கூட்டத்தைச் சார் புதன்கிழமை காலையில் வைத்துவிட்டார். உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிற உங்கள் பக்கத்து ஆட்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? மேட்டு முனைக்காரர்கள்தான் நிறைந்திருந்தார்கள். சாய்தளத்தை இடிக்க வேண்டும் என்று பொறியாளர் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் புதுக் கார், ஒருவருக்கு வாஸ்து. “பள்ளத்துலதான தண்ணி நிக்கி? அங்க தோண்டுங்க!” என்றார் சார். “பாதித் தெருவுக்குப் போட்டா பிரயோஜனம் கம்மி. முழுத் தெருவுக்கும் சம்மதிச்சு எழுதிக் குடுங்க” என்று அந்தப் பெண் கெஞ்சாத குறைதான். சுடலைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டில் இவரிடம் முந்தின நாளே கேட்டேன். “ஒன் சிநேகிதிக்காவ என் வாசல இடிப்பியோ?” என்றார். இவ்வளவு நாளாகக் குடித்தனம் நடத்துகிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

தெரு நடுவில் இருக்கிற வளைவிலிருந்து பள்ள முனை வரைக்கும் மட்டும் வடிகால் என்று தீர்மானம். கையெழுத்துப் போட்டுவிட்டேன் செல்வி. ஒன்றுமே இல்லாமல் போவதற்கு இதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இந்த வருடம் பாதி, அடுத்த வருடம் மீதி. நான் விடமாட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டு, ஆனால் பதில் போடு.

சுதா

கல்லிடைக்குறிச்சி
25 செப்டம்பர் 2025

ஜெபசுதாவுக்கு,

உனக்குச் சோறு இறங்கவில்லையா? என் வீட்டில் தண்ணீர் ஏறப்போகிறது. எனக்கு அதுதான் பெரிது.

சுந்தரராஜ் சார் மீது எனக்குக் கோபமே இல்லை. அவர் எனக்கு யார்? பெனிஸ்டன் அண்ணன் மீதும் இல்லை. மனுசன் தன் வாசலைக் காப்பாற்றிக்கொண்டார். உன்மேல்தான் கோபம். நான் சொன்னது உனக்குப் புரியவில்லை என்றால் விட்டிருப்பேன். புரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ‘பள்ள முனைக்கு வடிகால் வாங்கித் தந்தேன்’ என்று நாளைக்குச் சொல்லவும் செய்வாய். இந்தப் பாதி வடிகாலைக் காட்டியே இனி மீதியை யாரும் கேட்க முடியாமல் பண்ணிவிடுவார்கள்.

உன் கடிதம் வந்த அன்றே தருவைகுளத்துக்காரர் அட்வான்ஸோடு வந்து உட்கார்ந்திருந்தார். இவர் பேனாவைத் திறந்துவிட்டார். மதினி காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் நடுவீட்டில் நின்று, “வீடு என் பேர்ல இருக்கு, நான் விக்கல” என்று சொல்லிவிட்டேன். இவர் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், ஊருக்கு வந்தால் பேசுவார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். சுடலைக்கண்ணு அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லாரும் வீட்டிலிருக்கிற நேரத்தில், தெரு முழுக்கக் கூட்டம். இந்தத் தீர்மானம் செல்லாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்தப் பொறியாளர்ப் பெண்ணிடம் நானே கொடுக்கப்போகிறேன். கூட்டத்தில் உனக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டு வைக்காதே. நான் எதிரே உட்காருவேன். மழை வந்தால் பீரோவைத் தூக்கவும் நீ வர வேண்டாம்.

ஏன் விற்கவில்லை என்று கேட்பாய். வீட்டின்மேல் உள்ள ஆசை என்று நினைத்துவிடாதே. நான் விற்றுவிட்டுப் போனால் நீ கொஞ்ச நாள் அழுவாய், அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்குவாய். அந்த நிம்மதியை உனக்கு நான் தர மாட்டேன்.

சந்தனச்செல்வி
பள்ள முனை