பிரியத் தெரியாத கோடு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறாள், அவள் அப்பா உட்பட. நீ கணக்குப் போட்டுப் பலப்படுத்திய கட்டடம் என்றுதானே நம்பி இங்கே குடிவந்தோம்? ஹால் கூரையில் ஏதோ ‘டக்’ என்கிறது. மேல்வீட்டில் ஆளே இல்லை. சத்தம் வருவதற்கு முன்பே பாப்பா அண்ணாந்து பார்க்கிறாள். அதற்குத்தான் பயப்படுகிறேன். பீமைப் பலப்படுத்த அடியில் பசை போட்டு ஒட்டிய கார்பன் பட்டையைத் துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் காலிப் பெட்டி போல ஒலிக்கிறது. சிரிக்காதே.

உன் தங்கச்சி

மார்ச் 9

என் பயந்தாங்கொள்ளிக்கு,

பிள்ளை பெற்றவளுக்குச் சுவரெல்லாம் பேசும். அந்தப் பட்டை நகத்தளவு தடிமன்கூட வராது. அதனால் கணினியில் அதை வெறும் கோடாக வைத்தோம். கான்கிரீட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களின் முனைகளோடு அந்தக் கோட்டைச் சேர்த்துவிட்டோம். கணினியில் எவ்வளவு பாரம் ஏற்றிப் பார்த்தும் பட்டை பிரியவில்லை. நிம்மதியாகத் தூங்கு.

அக்கா

மார்ச் 13

அக்கா,

பிரியவில்லை என்கிறாய். பிரிவதற்கு அந்தக் கோட்டுக்கு வழி வைத்திருந்தாயா? நானும் நாலு வருஷம் அதே படிப்பைத்தான் படித்தேன். பிள்ளையின் கட்டிலைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன். இவர் சிரிக்கிறார். நீ சிரிக்காமல் பதில் எழுது.

தங்கச்சி

மார்ச் 15

தங்கமே,

போனில் சொன்னபடி பாப்பாவோடு வெளியேறியிருப்பாய். நீ கேட்டது சரி, பிரிய வழி வைக்கவில்லை. பட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் பசையைத் தனி அடுக்காக வைத்துக் கணினியில் மறுபடி கணக்குப் போட்டேன். உங்கள் ஹாலுக்கு மேலேதான் முதலில் உரிகிறது. எல்லோரும் வெளியேற வேண்டும் என்று குடியிருப்போருக்குத் தனியாக ஒரு தாள் எழுதி இணைத்திருக்கிறேன். கணக்கு என்னுடையது, தப்பும் என்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை போனால் போகட்டும். அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டு.

அக்கா

மார்ச் 21

அக்கா,

எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். பீமுக்கு முட்டு கொடுத்திருக்கிறார்கள். ஆய்வுக்கு வந்தவர் விரலால் இழுத்ததும் பட்டை பிளாஸ்திரி மாதிரி கையோடு வந்தது.

உன் தாளை வாசற்படியில் நின்று எல்லோருக்கும் வாசித்தேன். கீழ்வீட்டு டெய்லர், “சொந்தப் பிள்ளை இதுக்கடியில தூங்கியிருந்தா இப்படிக் கணக்குப் போட்டிருப்பாளா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“யாரும்மா இது? உனக்குத் தெரிஞ்சவங்களா?”

பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டேன், அக்கா.

தங்கச்சி