பைலட்டுக்குப் பரிமாறுவது

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்த முதியோர் இல்லத்தில் தொண்டு செய்யும் எங்களில் எனக்கு இப்போது சாப்பாட்டுக் கூடத்து வேலை. ஒவ்வொருவராகத் தட்டை நீட்டும்போது மனம் நிறைந்துவிடுகிறது. இங்கே தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் சக்கர நாற்காலியைப் பறக்கவிடுவார்; அதனால் அவருக்குப் பைலட் என்றே பெயர். முந்தாநாள் இனிப்பு போதும் என்று தட்டைக் கையால் மறைத்தார். நம் வீட்டுப் பழக்கத்தில் அந்தக் கையை விலக்கி, இன்னும் இரண்டு கரண்டி வைத்துவிட்டேன். அவருக்குச் சர்க்கரை என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் தலைசுற்றிப் படுத்துவிட்டார். பயப்படாதே, தேறிவிட்டார். நர்ஸ்தான், "வேண்டாம்னு சொன்னப்புறமும் என்னங்க உபசாரம்?" என்று கேட்டாள். நியாயம்தான்.

இன்று சாப்பிட வந்த பைலட் நேராக என்னிடமே தட்டை நீட்டினார்.

"இப்படி வற்புறுத்தி எனக்கு யாராவது சாப்பாடு போட்டு எத்தனையோ வருஷமாச்சும்மா. இனிப்பை வை."

"இன்னிக்கு வேண்டாங்க" என்றேன்.

"நீயும் அந்த நர்ஸ் கட்சியில சேர்ந்துட்டியா?" என்று சிரித்தார். ஆனால் முகம் வாடிவிட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து நீதானே பரிமாறுகிறாய்? அவர் மனம் நோகாமல் எப்படி மறுக்கிறாய்? என்ன சொல்வாயோ, அதை அப்படியே எழுது. உன் பதில் வருவதற்குள் பைலட் வேறொருவர் பரிமாறும் வரிசைக்குப் போய்விடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

தட்டு கழுவக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்