அம்முவுக்கு நான் எழுதிய லீவு லெட்டர்கள்

என் ராஜிக் குட்டிக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பம்பாயிலிருந்து மாப்பிள்ளை கடிதம் போடும்போதெல்லாம், "உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள்" என்று பதில் எழுதுகிறேன். படிக்கிறாள், பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இல்லை. இதை உன்னிடம் சொல்ல இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பா, அம்முவை ஆத்துலயே வெச்சுண்டு கொஞ்சிண்டு இருக்காதீங்கோ. ஸ்கூலுக்கு அனுப்புங்கோ." அனுப்பினேன். இந்த வருஷம் ஸ்கூல் திறந்ததும் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. லீவு லெட்டர் எழுதினேன். முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு அது ஒரு பெரிய காரியமா? தாளின் ஓரத்தை மடித்து, பணிவன்புடன் என்று முடித்து, கையெழுத்துப் போட்டேன்.

இழுப்பு ஒரே மாதத்தில் போய்விட்டது. லெட்டர் மட்டும் நிற்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ராஜி. ஏன் என்று கேட்கிறாயா?

காலை பத்து மணிக்குப் பூஜை மணியை அடிப்பேன். அம்மு பலகையில் வந்து உட்காருவாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே வாய்ப்பாடு. சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் மலையாளப் பாடம், பஸ் போர்டுதான் புத்தகம். ஒருநாள் 'விதுரா' என்று ஊர்ப் பெயரைத் தானே வாசித்துவிட்டுக் குதித்தாள் பார், ஏறத்தான் வருகிறாள் என்று கண்டக்டர் பெல் அடித்து வண்டியை நிறுத்திவிட்டார். திட்டு எனக்குத்தான். வீடு வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். நீ போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

நவராத்திரிக்கு முன்னால் டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டாள். "சாரே, குட்டிக்கு இப்பவும் சுகமில்லையோ? பூஜை லீவு கழிஞ்சும் வந்நில்லெங்கில் பேரு வெட்டும், கேட்டோ." லீவு முடிந்தும் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்களாம். அம்மு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொர் கொர் என்று இருமினாள். டீச்சர் பாவம், வெந்நீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். உன் பெண்ணுக்கு நான் கற்றுக்கொடுத்த லட்சணம் இது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

வழக்கம்போல் புத்தகங்களைப் பூஜையில் வைத்தோம். விஜயதசமி வரை ஓரெழுத்தும் படிக்கக் கூடாதே! யோசிக்காமல் இருக்க எனக்கும் அது ஒரு சாக்கு. இன்று காலை கற்பூரம் காட்டிவிட்டு அவள் நோட்டை எடுத்தேன். உள்ளே ஒரு தாள். ஓரம் ஒழுங்காக மடித்திருந்தது.

"மதிப்பிற்குரிய டீச்சருக்கு, எனக்கு இழுப்பு இல்லை. தாத்தாவுக்குத் தனியாக இருக்கப் பயம். தாத்தாவுக்குச் சரியாகும் வரை எனக்கு லீவு தர வேண்டும். பணிவன்புடன், அம்மு."

"ஏண்டி இப்படி எழுதினே?" என்றேன்.

"பேரை வெட்டிடுவான்னாளே டீச்சர். நெஜத்தைச் சொன்னா லீவு தருவா. நான் போனா நீ ஒத்தைக்கு இருக்கணுமே தாத்தா. அம்மா போனப்போ குளிமுறியில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதியே, நான் கேட்டேன்."

ஏழு வயசு, ராஜி. நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?

பள்ளிக்கூடம் நாளை திறக்கிறது. டீச்சரிடம் உண்மையைச் சொல்லி, திட்டினால் வாங்கிக்கொண்டு, அவளை வகுப்பில் உட்கார்த்திவிட்டு வருவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அப்புறம் நாலு மணி வரை இந்த வீட்டில் என்ன செய்வேனோ, தெரியாது. சாயங்காலம் அம்மு வந்து, "பயந்தியா தாத்தா?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்வேன். அந்த ஒரு பொய்க்கு மட்டும் நீ அனுமதி கொடு.

லீவு கேட்காத,
உன் அப்பா