ஜீப்பில் ஒரு இடம்

நவம்பர் 12, புதன்

வெப்சைட் செய்வதற்கான ரியாக்ட்டை எட்டு மாதம் படித்தேன். இன்று வேலை நேர்காணலில் கேள்வி கேட்டவன், “அதெல்லாம் இப்ப ஏஐ எழுதிடும், சர்வர் பக்கம் தெரியுமா?” என்று கேட்டு பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டான். ரியாக்ட் படிக்கச் சொன்னதும் இவனைப் போல ஒருவன்தான். இவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

சாயங்காலம் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து அம்மாவைக் கொண்டுவந்து இறக்கிய ஜீப்புக்காரர், “காய் எடுக்க ஒரு ஆள் கொறையுதுக்கா. நாளைக்கு உம் மகளையும் ஏத்திவிடு” என்றார்.

“அவ கம்ப்யூட்டர் படிக்கிறா தம்பி.”

“இன்னுமா முடியல?”

“இந்தப் பாடந்தான் கடைசி” என்று அம்மா என்னைப் பார்த்தாள். போன வருஷம் வேறொரு பாடத்துக்கு நான் அவளிடம் சொன்ன பொய் அது. தலையாட்டினேன்.

சர்வர் பாடத்தைத் திறந்திருக்கிறேன். வாசலில் அம்மா தோட்டத்துக்குப் போட்டுப்போகும் ரப்பர் பூட்ஸ் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருக்கிறது, புதுசு, என் அளவு. எப்போது வாங்கினாளோ.