சாய்வாகப் போட்ட ஜாயின்ட்

கதவுக்குப் பின்னால் பெல்ட் சுருள் நிற்கிறது. மழை ஈரத்தில் வீடு முழுக்க ரப்பர் வாடை, கூடவே ஒட்டுகிற சொல்யூஷன் வாடை. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஒட்டுகிறவனுக்கு இது புதிதில்லை. ஷிப்ட் முழுக்க முகர்கிறதுதான். ஆனால் இந்தச் சுருளின் வாடை வந்தால் எனக்கு நீ ஞாபகத்துக்கு வருகிறாய். "இந்த மலப்பாம்ப எத்தினி நாளைக்கி வூட்டுக்குள்ள வெச்சிகினு இருப்ப?" என்று அம்மா கேட்டாள். நாளைக் காலை வரைக்கும் என்றேன்.

நாளை சனிக்கிழமை. உன் வகுப்பு நாள்.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சுரங்கத்துக்குப் போன நிலத்தில் உன் தாத்தாவின் முந்திரித் தோப்பு இருந்தது. அதற்காக உன் அப்பாவுக்கு பெர்மனென்ட் வேலை வந்தது, குவார்ட்டர்ஸ் வந்தது. அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கியவர்கள் எங்கள் ஆட்கள். கொடுக்க எங்களிடம் நிலமில்லை, குடிசை மட்டும்தான். அப்பா கான்ட்ராக்ட்டில் மண் அள்ளினார். டிப்ளமோ முடித்த பிறகு நானும் கான்ட்ராக்ட். இத்தனையும் இரண்டு பேருக்கும் தெரியும். பள்ளி முடிகிற வரைக்கும் இதைப் பற்றி ஒரு வார்த்தை நாம் பேசியதில்லை. நகரியத்தில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. எந்த ப்ளாக் என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

அதே அரசுப் பள்ளிக்கு நீ வரலாற்று வாத்தியாராகத் திரும்பி வந்தாய். சனிக்கிழமைகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுக்கப் போகிறேன், யார் யார் எங்கிருந்து இங்கே வந்தோம் என்ற பாடம் என்றாய். பரீட்சையில் வராததற்கு எதற்கு வகுப்பு என்று கேட்டேன். எனக்கு எதையும் அளந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பொறுமை இருக்காது. நீ கோபப்படவில்லை.

"ஹரப்பா எங்க இருக்குதுன்னு மேப்புல கரெக்டா காட்டுதுங்க. உன் தாத்தா பொறந்த ஊரு எங்கன்னு கேட்டா, மைன்ஸ்னு சொல்லுதுங்கடா."

அப்படியானால் அந்த ஊரை அளந்தே காட்டிவிடுவோம் என்றேன். மந்தாரக்குப்பம் பழைய இரும்புக் கடையில் தேய்ந்த பெல்ட் ஒன்றை நாம் விலை பேசி வாங்கினோம். பழைய கிராம வரைபடத்தை நீ எங்கிருந்தோ பிடித்துவந்தாய். அதை ஸ்கேல் மாறாமல் பெரிதாக்கி, வெள்ளைப் பெயின்டில் பெல்ட் மேல் வரைந்தேன். ஏரி, கோயில், தெருக்கள், கிணறுகள், கிழக்கு ஓரத்தில் உங்கள் தோப்பு. பிள்ளைகள் அதன் மேல் ஏறி, அவரவர் வீடு இருந்த இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் உன் முதல் வகுப்பு.

அன்றைக்கு ஜன்னலோரம் நான் நின்றுகொண்டிருந்தேன். ஊர்க்காரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் கீழே தரையில் நின்றார்கள். தென்காசி அந்தப் பக்கம், சேலம் இந்தப் பக்கம் என்று அவர்களே இடம் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் காலனிப் பெண் ஒருத்தி தென்காசிக்காரர்களோடு போய் நின்றாள். நீ உள்ளூர்தானே, ஏன் அங்கே நிற்கிறாய் என்று கேட்டாய்.

"எங்க வூடு இதுல இல்ல சார்."

வகுப்பு முடிந்ததும் நீ என்னிடம் வந்தாய். உங்கள் தெரு எங்கே என்று கேட்டாய். அந்த வரைபட ஷீட்டில் இல்லை என்றேன். உனக்குத் தெரியுமே என்றாய். தெரியும், ஷீட்டில் இல்லை, ஷீட்டில் இல்லாததை நான் வரைந்தால் பொய் என்பார்கள், நீயே வரைந்துகொள் என்று கத்தினேன். பட்டா நிலம் தோப்போடு முடிகிறது, வரைபடமும் அங்கேயே முடிகிறது. நீ சாக்பீஸை எடுத்து, தோப்புக்குக் கிழக்கே வெறும் தரையில் ஒரு கோடு போட்டாய். "சொல்லு, மொதோ வூடு யாருது?" என்றாய். சொன்னேன். இருட்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் இன்னொரு துண்டு வாங்கி வந்தோம். ஒட்டுவது என் தொழில். தோப்பின் நடுவில் நான் சாய்வாகக் கோடு போட்டதைப் பார்த்து, ஓரத்தில் நேராக ஒட்டினால் போதாதா என்றாய். நேராகப் போட்டால் உருளையில் ஏறும்போது மொத்த இழுப்பும் ஒரே கோட்டில் விழுந்து பிரிந்துவிடும், சாய்வாகப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கும் என்று விளக்கினேன். இது தரையில் கிடக்கப் போகிற பெல்ட்தானே என்றாய். எனக்கு வேறு மாதிரி ஒட்டத் தெரியாது என்றேன். இரண்டு முனைகளிலும் படிப்படியாக அடுக்கு உரித்து, தேய்த்து, சொல்யூஷன் பூசி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி அடித்தேன். பாதித் தோப்பு பழைய பெல்ட்டில், மீதி புதுத் துண்டில். அதன் கடைசி மரங்களுக்கிடையே தொடங்கி, அதற்கப்பால் எங்கள் தெரு. அந்தச் சனிக்கிழமை அந்தப் பெண் மேலே ஏறி நின்றாள். சிரிக்கவில்லை. பக்கத்து வீடு யாருடையது என்று குனிந்து பார்த்தாள்.

பிறகுதான் பிரச்சனை ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் சாதியைக் கொண்டுவருகிறான் என்றார்கள். உன் அப்பாவே பள்ளிக்கு வந்தார். "ஒண்ணா ஒக்காந்துகினு இருக்கிற பசங்கள ஏன்டா பிரிக்கிற?" என்றார். நீ அவரிடம் சத்தம் போடவில்லை.

"பிரிஞ்சிதான்பா கெடக்குது. எங்கன்னு காட்டுறேன், அவ்ளோதான்."

அதன் பிறகு உங்கள் வீட்டில் உன்னோடு பேச்சு குறைந்தது என்று தெரியும். நீ சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டுக்கு மாறியதில் தெரிந்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். நான் ஷிப்ட் முடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வெளியே செருப்புகள் நிறையக் கிடந்தன. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

போன வாரம் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். உன் அப்பாவும் அங்கே இருந்தார். உன் பெயரிலேயே வகுப்பைத் தொடர்ந்து நடத்தலாமாம். உன் போட்டோவை மாட்டலாமாம். அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதியாம். உனக்கு மாலை போட்டுவிட்டு நீ செய்ததை வெட்டிப் போடுவதற்குப் பெயர் நினைவஞ்சலி. தொழில் தெரிந்தவன் நானாம், நானே வெட்டித்தர வேண்டுமாம்.

வகுப்பறையிலிருந்த பெல்ட்டைக் கொண்டுவந்து தலைமையாசிரியர் மேஜை முன்னால் உருட்டிவிட்டேன். "எங்க வெட்டணும்னு நீங்களே காட்டுங்க சார்" என்றேன். குனிந்து பார்த்தார். தெருவை எடுத்தால் தோப்பும் கூடவே வரும். அடுக்குக்குள் அடுக்காக ஒட்டியது, பிரித்து எடுக்க முடியாது. நேராக வெட்டினால் உன் தாத்தாவின் தோப்பு பாதி போகும். அவர் உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பா பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் இதைப் பள்ளியில் வைக்க இடமில்லை என்றார் தலைமையாசிரியர். சரி என்றேன்.

சுருட்டி வண்டியில் ஏற்றும்போது மறுமுனையை உன் அப்பா பிடித்தார். இதைச் சமாதானம் என்று நான் எழுத மாட்டேன். கனமாக இருந்தது, பிடித்தார். கயிறு கட்டி முடித்ததும், ஜாயின்ட் இருந்த இடத்தில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளி கேட்டுக்கு எதிரே, சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் கொஞ்சம் மண்தரை இருக்கிறது. அது பள்ளிக்கூடத்து இடம் இல்லை. நேற்று அளந்து பார்த்தேன், பெல்ட் முழுசாக விரியும். வெளியூர்ப் பிள்ளைகள் நிற்கவும் சுற்றிலும் இடம் இருக்கிறது. நான் வாத்தியார் இல்லை, எனக்குப் பாடம் நடத்த வராது. பெல்ட்டை விரித்துவிட்டு உன் கேள்வியைக் கேட்பேன், மொதோ வூடு யாருது என்று. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்று சாயங்காலம் அந்தப் பெண் வந்து, நாளைக்கு உண்டா அண்ணா என்று கேட்டாள். உண்டு என்றேன். மழை வந்தால் என்ன செய்வது என்றாள்.

ரப்பர்தானே, நனையட்டும் என்றேன்.