டூப்ளிகேட்டின் நீலக் குஞ்சு

ஜூன் 2

கண்ணாடிக்கடைக்காரிக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, படம் கிடம் எதுவும் அனுப்பாமல் கடிதம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுதுகிறேன். ஆனால் இது அவசரம்.

உன் பச்சைப் பட்ஜிக் கிளி வாயாடிக்கு உடம்பு சரியில்லை. அலகுக்கு மேலே மூக்குத் துவாரம் இருக்கிற இடம் வெளிறிப்போய் இருக்குமே, அது ஒரே வாரத்தில் பழுப்பாகிப் பொருக்குத் தட்டிவிட்டது. கடையில் வர்ணம் காட்டுகிற ஷேட் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அசல் காப்பிக்கொட்டை நிறம். கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பரையெல்லாம் கிழித்து நார்நாராக்குகிறாள். கையை நீட்டினால் கொத்துகிறாள். அவள் ஜோடி டூப்ளிகேட் வேறு தலையைத் தலையை ஆட்டி அவளுக்கு வாயோடு வாயாக எதையோ ஊட்டுகிறான். அவனுக்கும் தொற்றிக்கொள்ளுமா?

ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி கூண்டை எடுத்துப்போக வருகிறான். சீக்குப் பறவையைத் தலையில் கட்டிவிட்டேன் என்ற பேர் எனக்கு வேண்டாம். உடனே பதில் எழுது.

பெயின்ட் கடையில் வர்ணம் கலக்குகிறவன்


ஜூன் 5

வர்ணக்காரருக்கு,

ஐயோ, அது சீக்கே இல்லை! கடிதத்தைப் படித்ததும் விடுதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். "என்னம்மா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்று காப்பாளரம்மா கேட்டார். பெண் பட்ஜிக்கு மூக்கு பழுத்துப் பொருக்குத் தட்டினால் முட்டைக்குத் தயாராகிவிட்டாள் என்று அர்த்தம். ஆணுக்கு மூக்கு நீலம். டூப்ளிகேட்டுக்கு நல்ல நீலமாகத்தான் இருக்கும், போய்ப் பாருங்கள். அவன் ஊட்டுவது நோய் இல்லை, காதல்!

முட்டை வைக்க மரப்பெட்டி ஒன்று வேண்டும். ஒரு பக்கம் வட்டமாகத் துளை, அடியில் மரத்தூள் பரப்ப வேண்டும். தயவுசெய்து பெட்டிக்கு பெயின்ட் அடித்துவிடாதீர்கள். கடையிலிருந்து வந்ததும் தின்னர் நாற்றம் அடிக்கிற சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போங்கள். நான்ஸ்டிக் சட்டியைப் புகைய விடவே கூடாது, அந்தப் புகை இவற்றுக்கு எமன். அவித்த முட்டையை உதிர்த்து வையுங்கள், கடிக்கக் கணவாய் மீன் ஓடு தொங்க விடுங்கள், தினை எப்போதும் இருக்கட்டும்.

தம்பியை இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடைகாக்கும் கூண்டை அசைக்கக் கூடாது. குஞ்சுகள் தாமாகத் தின்னத் தொடங்கியதும் வருவான். இதனால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று கனவு காண வேண்டாம். வாயாடியின் பழைய ஜோடி, என் மந்திரி செத்துப்போனதை என்னிடம் சொல்லாமல், கடையிலிருந்து இன்னொரு பச்சையை வாங்கி அதே ஊஞ்சலில் உட்கார வைத்தவர் நீங்கள். நெற்றியில் மூக்கு வரைக்கும் கறுப்புக் கோடு இருந்தால் அது குஞ்சுப் பறவை என்று தெரியாதவளா நான்? மந்திரி செத்ததற்கு அழுதேன், அவ்வளவுதான். என்னை ஏமாற்றப் பார்த்தீர்களே, அதற்குத்தான் வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பறவைகளின் உரிமையாளர்


ஜூன் 27

கண்ணாடிக்கடைக்காரிக்கு,

முட்டை! முட்டை! முட்டை! ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்தாள். சின்னதாக, வெள்ளையாக, உன் பழைய மூக்குத்தித் திருகைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்று எழுதலாம் என்றால் நீ அளவு தப்பு என்பாய். நகம் அளவு என்று வைத்துக்கொள்.

வாசலில் சட்டையைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், உள்ள குஸ்தி ஏதாவது நடக்குதா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "பிரசவம் நடக்குது" என்றேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

வைத்தது நாலு. இருப்பது மூன்று. வாயாடி தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் பெட்டியைத் திறந்து நாலாவதை விரலால் தொட்டேன். நசுங்கிவிட்டது. என் விரல்தான், வேறு யாரும் இல்லை. ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

குஞ்சுகள் என்ன நிறத்தில் வரும்? எனக்கு நீலம் வேண்டும். வரும் என்று மனசு சொல்கிறது.

வர்ணம் கலக்குகிறவன்


ஜூன் 30

வர்ணக்காரருக்கு,

அடப்பாவி மனுஷா! முட்டையை எதற்குத் தொட்டீர்கள்? பார்க்கலாம், தொடக் கூடாது. இனிமேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள். போனது போகட்டும், சாப்பிடுங்கள்.

நீலமாவது! பட்ஜியில் அடிப்படை இரண்டுதான். மஞ்சள் முகம் இருந்தால் பச்சைக் கூட்டம், வெள்ளை முகம் இருந்தால் நீலக் கூட்டம். சாம்பல், முழு மஞ்சள், முழு வெள்ளை, திட்டுத்திட்டாக வருவது எல்லாம் அதற்கு மேல் வரும் வேடிக்கை. பச்சையும் பச்சையும் சேர்ந்தால் பச்சைதான். உள்ளே நீலம் ஒளிந்திருந்தால் ஒழிய நடக்காது. அதுவும் ஒருவரிடம் ஒளிந்திருந்தால் போதாது, இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும். வாயாடியின் அம்மா அப்பா, அவர்களின் அம்மா அப்பா எல்லாரும் பச்சை, எனக்குத் தெரியும். உங்கள் கடைச்சரக்கு டூப்ளிகேட்டைப் பற்றித்தான் எதுவும் தெரியாது.

நீலக் குஞ்சு வந்தால் நானே நேரில் வந்து பார்க்கிறேன். போதுமா பந்தயம்?

பறவைகளின் உரிமையாளர்


ஆகஸ்ட் 1

என் கண்ணாடிக்கடைக்காரிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உட்கார்ந்துவிட்டாயா?

நீலம்!

மூன்றும் பொரிந்தபோது தோலுரித்த இஞ்சித் துண்டு மாதிரி இருக்கின்றன என்று இடையில் ஒரு கார்டு எழுதினேனே, அவை இப்போது பறவைகள்! பெரியது பச்சை. நடுவில் உள்ளது பச்சை. கடைக்குட்டி, அடி பெண்ணே, நெஞ்சு முழுக்க வான நீலம்! கன்னத்தில் ஊதாப் பொட்டு. ஷேட் கார்டில் ஒரு அட்டை விடாமல் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. "எங்கிட்ட இல்லாத நிறம் முதலாளி" என்று கடையில் சொன்னேன். "இருபது வருஷமா கலக்கிறவன் பேசற பேச்சா இது?" என்றார்.

பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். எப்போது வருகிறாய்?

பிரசவ வார்டு காவலாளி


ஆகஸ்ட் 4

வர்ணக்காரருக்கு,

கடிதத்தைப் படித்துக் குதித்தேன். பக்கத்துக் கட்டில்காரியைக் கட்டிக்கொண்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். குதித்த கால் வலிக்கத் தொடங்கிவிட்டது.

பச்சைக்கும் பச்சைக்கும் நீலம். அதுவும் நான் பந்தயம் கட்டிய பிறகு. அதுவும் வர்ணம் கலக்குகிறவர் வீட்டில். மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்தப் பச்சைக் குழந்தையின் மேல் சாயம் பூசினீர்களா? அலமாரியில் கீறல் விழுந்தால் மேலே ஒரு கோட்டிங். மந்திரி செத்தால் ஒரு டூப்ளிகேட். எதையும் மேல்பூச்சிலேயே முடிக்கிறவர் நீங்கள். பூசியிருந்தால் இந்த நிமிடமே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள். சாயத்தை அலகால் கோதித் தின்றால் குஞ்சு செத்துவிடும். உங்களைத் திட்டக்கூட மாட்டேன். அதைக் காப்பாற்றுங்கள்.

பறவைகளின் உரிமையாளர்


ஆகஸ்ட் 7

கண்ணாடிக்கடைக்காரிக்கு,

பூசவில்லை.

கோபம் வந்தது. கடையில் வெள்ளை கேட்டவருக்குச் சாம்பல் கலந்து கொடுத்துவிட்டேன். பிறகு, நீ சந்தேகப்படாமல் வேறு யார் சந்தேகப்படுவார் என்று தோன்றியது. ஒரு தடவை ஏமாற்றப் பார்த்தவன் நான்தானே.

ஆனால் என் தொழிலை வைத்து ஒன்று சொல்கிறேன், கேள். பச்சையில் மஞ்சளும் நீலமும் இருக்கிறது. அதில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், மஞ்சளை மட்டும் வெளியே எடுக்க எந்த மிஷினாலும் முடியாது. மஞ்சள் முகத்தில் நீலத்தைப் பூசினால் பச்சைதான் வரும். இந்தக் குஞ்சின் முகம் வெள்ளை. சுத்த வெள்ளை. அதை நான் எழுதாமல் விட்டேன், நீலத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துபோனேன். எனக்குச் செய்யத் தெரியாத வேலையை அந்தப் பெட்டிக்குள் யாரோ செய்திருக்கிறார்கள்.

நம்பினால் நம்பு. பந்தயத்துக்காக வர வேண்டாம். பெரியது தினையைக் கொறிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாம் தின்னப் பழகியதும் தம்பியை அனுப்பு, கூண்டைக் கொடுத்துவிடுகிறேன். மந்திரி விஷயத்தில் நான் செய்தது தப்பு. நீ அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. காலையில் கண் விழித்ததும் கூண்டுத் துணியை விலக்குகிறேன், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அந்த இடம் காலியானால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

உன்னவன்


ஆகஸ்ட் 11, நம் வீடு

என்னங்க,

என்னைக் கொண்டுவந்து விட்ட டாக்ஸிக்காரர் உங்கள் கடை வழியாகத்தான் திரும்பிப் போகிறாராம். அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெளியே நின்று ஹாரன் அடிக்கிறார்.

சாவி அதே பூந்தொட்டிக்கு அடியில்தான் இருந்தது. பார்த்துவிட்டேன்! வெள்ளை முகம், ஊதாக் கன்னம், கழுத்தடியில் கறுப்புப் பொட்டுகள். என் ஆயுசில் இப்படி ஒரு நீலத்தைப் பார்த்ததில்லை. நனைத்துத் துடைத்துப் பார்க்கப் பஞ்சு கொண்டுவந்திருந்தேன். பையிலிருந்து அதை எடுக்கவே இல்லை. வாயாடியிடம் இத்தனை நாள் எதையெல்லாம் ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டேன். கொத்திவிட்டாள்.

மஞ்சளை எடுக்க முடியாது என்கிற உங்கள் நியாயம் சரிதான். ஆனால் என்னைக் கிளப்பியது அது இல்லை. அந்த நாலாவது முட்டை. வைத்ததே மூன்று என்று எழுதியிருந்தால் எந்தக் கண்ணாடி போட்டாலும் நான் கண்டுபிடித்திருக்க முடியாது. முட்டையைச் சொன்ன ஆள் குஞ்சுக்குச் சாயம் பூச மாட்டார். இது உறைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, மன்னித்துவிடுங்கள்.

பழைய கிளைக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அலமாரியில் உங்கள் சட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறேன். தம்பி வரவில்லை, கூண்டு எங்கும் போகவில்லை. டூப்ளிகேட்டுக்கு வேறு பேர் வைக்க வேண்டும், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது.

தினை டப்பா காலி. வரும்போது வாங்கி வாருங்கள். சட்டையை வாசலிலேயே கழற்றிவிடுங்கள், எதிர்வீட்டுக்காரர் கேட்டால் கேட்கட்டும்.

வீட்டுக்காரி