கலக்காமல் அளந்த தங்கம்

என் செல்விப் பெண்ணே,

நீ சண்டைக்கு வரமுடியாத நேரம் பார்த்து, உன்னைத் தப்பு என்று சொல்ல வந்திருக்கிறேன். நன்றாகக் கோபித்துக்கொள்.

நீ காய்ச்சலில் கண்ணை மூடியபின் உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு லேசர் அறையில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் உன் அளவீட்டையே மறுபடி செய்தேன். சில டஜன் அணுக்கள் மட்டுமே சேர்ந்த தங்கத் துணுக்குகள். ஒரு லேசர் துடிப்பால் அடித்து, அடுத்ததால் எலக்ட்ரான்கள் எவ்வளவு சீக்கிரம் அடங்குகின்றன என்று பார்ப்போமே, அதுதான். பலமாக அடித்தால் அடங்க நேரம் பிடிக்கிறது, ஆகவே இத்துனூண்டுத் துணுக்கும் முழு உலோகம்போலவே நடக்கிறது என்று எழுதினாய். உன் பெயருக்குப் பின்னால் என் பெயரும் இருந்தது.

இந்த முறை கரைசலைக் கலக்கிக்கொண்டே அளந்தேன். எவ்வளவு பலமாக அடித்தாலும் அந்த நேரம் மாறவே இல்லை, செல்வி. அது உலோகம்போல நடக்கவில்லை, ஒரு மூலக்கூறுபோல நடக்கிறது. கரைசலைக் கலக்கும் ஸ்டிரர் சுற்றினால் திரையில் கோடு நடுங்குகிறது என்று அன்று நிறுத்திவிட்டோமே, ஞாபகமிருக்கிறதா? ஒரே இடத்தில் லேசர் பட்டுப்பட்டுத் துணுக்குகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் அளந்தது அந்தப் பெரிய உருண்டைகளை. இது எப்படி நமக்கு உறைக்காமல் போயிற்று?

திருத்தம் எழுதி அனுப்பச் சொல்கிறார் புரொபசர். நியாயம்தான். ஆனால் ஆயுதபூஜை அன்று தொம்மலூரில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அப்பா தன் ஆட்டோவுக்குப் பொட்டு வைத்த கையோடு, லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கும் நம் கட்டுரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்.

"நம்ம செல்வி கண்டுபிடிச்சத இன்னும் படிக்கிறாங்களாம்மா?"

"படிக்கிறாங்கப்பா."

"சும்னே, சும்மாதான் கேட்டேன். நீ சாப்பிடு."

உன் தட்டில் வைத்த கேசரியைச் சாப்பிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் பொய் சொன்னதைவிடக் கேவலமாக இருந்தது. நீ இருந்திருந்தால், "அடிப்பாவி, ஸ்டிரரையா நிறுத்தினோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு முதல் ஆளாய்த் திருத்தியிருப்பாய். அந்த வாய்ப்பையும் நான்தானே பிடுங்கிக்கொள்கிறேன்?

திருத்தம் அச்சுக்குப் போகுமுன் அப்பாவிடம் போவேன். வேறு யார் சொல்லியும் அவர் கேட்கக்கூடாது. "செல்வியும் நானும் சேர்ந்து தப்பா அளந்துட்டோம்ப்பா" என்று சொல்வேன். அப்போது அவர் முகம் எப்படிப் போனாலும், நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளமாட்டேன்.

உன் வீட்டில் உன் தட்டில் சாப்பிடும்
உன் உடன்பிறவாத் தங்கை,
வசந்தி